கினிகத்தேனையில் தேன் எங்கே?

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில், நாவலப்பிட்டிக்கு வழி பிரியும் இடத்திலே அமைந்துள்ளது கினிகத்தேனை. மழைக்குப் பேர்போன ஊர். இவ்வூரின் பெயரை மலைநாட்டுக்குப் புதியவரான தமிழர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 'தேனை' என்னும் பகுதி அவர் செவியிலே தனியே வந்து விழும். மலைத்தேன் மிகுதியாகக் கிடைத்த இடம் போலும் என்று அவர் தமக்குள்ளே ஒரு விளக்கமும் கூறிக்கொள்வார். அதே பெயரைக் கேட்கும் சிங்கள அன்பருக்குத் தேன் நினைவே வராது. அவர் மொழியில் 'கினி' என்பது நெருப்பு. 'கினிகத்' என்பது தீப்பற்றிய. 'ஹேன' என்பது காட்டை எரித்துப் பயிரிடும் நிலம், அதாவது நாம் சேனை என்று வழங்குவது. ஆகவே 'தீப்பற்றிய சேனை' என்னும் பொருளே அவருக்குத் தோன்றும்.

ஒருவருக்குத் தேன், மற்றவருக்குத் தீ. காற்றிலே மிதந்து வந்த ஒலியோ ஒன்றே. இருவர் செவியும் ஒரே வகையான உறுப்பே. அவ்வாறாயின் இந்த வேற்றுமை எங்கே பிறந்தது? செவிக்கு அப்பால், மனத்திலே பிறந்தது. ஒலியைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே காதின் தொழில். அதனைச் சொல்லாக வெட்டி, வாக்கியமாகக் கட்டி, பொருளாக்கித் தருவது மனத்தின் தொழில். அத்தொழிலுக்கு வேண்டிய கருவிகளை நாம் நம் வாழ்நாளின் தொடக்கத்திலிருந்தே பிறர் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறோம். இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவர்களுக்கும் இதனால் பயனுண்டு.

அச்சிட்ட தாளிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் இருக்கக் காண்கிறோம். பேச்சிலும் அப்படியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. பேச்சொலியைக் கருவியிலே பதிந்து கோடுகளாக வரைந்து பார்த்தால், சொற்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடுகின்றன. இடைவெளி காணப்படும் இடங்களிற் பல ஒரு சொல்லின் நடுவே அமைந்தவை. முன்பின் அறியாத மொழியை யாரேனும் பேசினால், 'அப்பப்பா, எத்தனை வேகம்!' என்று நாம் வியப்பதன் காரணம் இதுதான். அவர் உண்மையில் நம்மைவிட விரைந்து பேசவில்லை. எங்கே வெட்டுவது என்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு சொல்லாகவும் தொடராகவும் நின்று பொருள் தரும் சொற்களுக்குப் 'பொதுமொழி' என்று பெயரிட்டது. 'எட்டு' என்றால் ஓர் எண். பிரித்தால் 'எள் து', எள்ளை உண் என்பது பொருள். 'தாமரை' ஒரு மலர். பிரித்தால் தாவுகின்ற மரை என்னும் மான். 'வேங்கை' ஒரு மரம். பிரித்தால் வேகின்ற கை. ஒலி மாறவில்லை, வெட்டு மாறியது, பொருளும் மாறிவிட்டது.

இந்த வெட்டும் வித்தையைக் குழந்தை எப்போது கற்கின்றது? பள்ளிக்கூடம் சேர்ந்த பின்னர் என்று நினைத்தால் தவறு. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனி சஃப்ரன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு புதுமையான ஒலியோட்டத்தைக் கேட்கச் செய்தனர். பொருளற்ற மூவசைச் சொற்கள் சிலவற்றை இடைவெளியின்றியும் ஏற்ற இறக்கமின்றியும் கலந்து தொடுத்த ஓட்டம் அது. இரண்டே நிமிடம் கேட்ட பின்பு, எந்த அசையை அடுத்து எந்த அசை தவறாமல் வரும் என்பதைக் குழந்தைகள் கண்டுகொண்டன. ஓட்டத்திலிருந்த சொற்களுக்கும், சொல்லெல்லையைக் கடந்து வெட்டப்பட்ட துண்டுகளுக்கும் இடையே அவை வேறுபாடு காட்டின. தொட்டிலிலே படுத்து மோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகவு, நம் பேச்சிலே எது எதனோடு கூடி வருகின்றது என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கின்றது என்றால் அது மிகையன்று.

இனி எழுத்தொலிகளைப் பார்ப்போம். சிங்களத்திலே மரத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டையும் 'கஹ' என்றே எழுத வேண்டியிருக்கும். முதலொலியைக் 'கங்கை' என்பதன் முதலெழுத்துப்போல மெலிதாக்கினால் மரம். 'கல்' என்பதன் முதலெழுத்துப்போல வலிதாக்கினால் மஞ்சள். சிங்களக் குழந்தைக்கு இவ்வேறுபாடு பட்டப்பகல்போலத் தெரியும். தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையோ முதலில் திகைக்கும். ஏனெனில் தமிழிலே இந்த மெலிவும் வலிவும் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. மறுபுறம் பாருங்கள். 'பல்லி' என்பதும் 'பள்ளி' என்பதும் நமக்கு எவ்வளவு தொலைவு! பேச்சுச் சிங்களத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டமையால், தமிழ் பயிலப் புகும் சிங்கள மாணவன் இவற்றினிடையே தடுமாறுகிறான். அவனும் மந்தமானவனல்லன், நம் பிள்ளையும் மந்தமானவனல்லன். அவரவர் மனம் அவரவர் வீட்டு மொழிக்கென்று பண்படுத்தப்பட்டுவிட்டது.

அந்தப் பண்படுத்தல் நிகழும் காலத்தையும் அறிஞர் அளந்துள்ளனர். 1984ஆம் ஆண்டில் கனடாவில் ஜனெட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. ஏனெனில் அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளுள் ஹிந்தி மொழியின் தகரமும் டகரமும் அடங்கும். 'பத்து' என்பதையும் 'பட்டு' என்பதையும் வேறுபடுத்தும் அதே ஒலிகள் தமிழுக்கும் உரியன அன்றோ? ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. ஆயினும் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதப் பருவத்தில் இவற்றைப் பிரித்தறிந்தன! பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறமை பெரிதும் மங்கிவிட்டது. பிறக்கும்போது குழந்தை உலகத்து மொழிகளுக்கெல்லாம் செவி திறந்தே வருகின்றது. முதலாண்டு நிறைவதற்குள் தன்னைச் சுற்றிலும் கேட்கும் மொழிக்கு ஏற்ப அச்செவியை அமைத்துக்கொள்கின்றது. பிற்காலத்தில் முயற்சியாலும் பயிற்சியாலும் புதிய ஒலிகளைக் கற்க முடியும். ஆயினும் குழந்தைக்கு எளிதாய் இருந்தது பெரியவருக்கு உழைப்பாகிவிடுகின்றது.

மனம் கேட்டதை வெட்டுவதோடு நிற்பதில்லை; கேட்காததை இட்டு நிரப்பவும் செய்கின்றது. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போதும், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சலிலும் நம் மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். ஒலியிற் பாதி அமிழ்ந்துபோனாலும் பேச்சு விளங்குகின்றது. 1970இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தைப் பதிந்து, அதில் ஒரு சொல்லின் நடுவேயிருந்த ஓர் ஒலியை முற்றாக வெட்டியெடுத்துவிட்டு, அவ்விடத்திலே ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு அச்சொல் முழுமையாகவே கேட்டது. இருமலும் கேட்டது, ஆனால் அது சரியாக எந்த இடத்தில் வந்தது என்று அவர்களாற் சொல்ல இயலவில்லை. இல்லாத ஒலியை மனம் படைத்துக் காதிலே கேட்பித்துவிட்டது.

தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக ஆக்கிக்கொள்வதும் இவ்வகையதே. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் நம் தோட்டங்களிலே 'லயன்' ஆகிப் பின் 'லயம்' ஆயிற்று. தாளத்தோடும் இசையோடும் சேர்த்து நாம் முன்பே அறிந்திருந்த சொல்லின் உருவத்தை அது பெற்றுக்கொண்டது. கினிகத்தேனையிலே தேனைக் கண்ட மனமும் இதே மனந்தான்.

சொற்கள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சொற்கள் எப்போது வாக்கியமாகின்றன என்னும் கேள்வியை நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்கசங்கிரகம் என்னும் சிறு நூல் இதற்கு மூன்று காரணங்களைக் கூறுகின்றது. அவற்றைத் தமிழில் அவாய்நிலை, தகுதி, அண்மை என்பர். ஒரு சொல் தன்னை நிறைவு செய்ய மற்றொரு சொல்லை வேண்டி நிற்பது அவாய்நிலை. பசு, குதிரை, மனிதன், யானை என்று அடுக்கினால் எதுவும் எதையும் வேண்டவில்லை. ஆதலால் அது வாக்கியமன்று. பொருளுக்குப் பொருள் இயைந்து வருவது தகுதி. நெருப்பினால் நனைக்கும்படி ஒருவன் கூறினால், இலக்கணம் சரியாயிருந்தும் பொருள் இயையாது. சொற்கள் காலத்தால் அடுத்தடுத்து வருவது அண்மை. சாமத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எவருக்கும் விளங்காது.

இம்மூன்றனுள் தகுதி என்பதற்கு இக்காலத்து ஆய்வுக்கூடமும் சான்று தந்துள்ளது. 1980இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்போர், வாக்கியங்களைப் படிக்கும் மனிதரின் தலையிலே மின்னலைகளை அளக்கும் கருவியைப் பொருத்தினர். சூடான ரொட்டியிலே ஒருவன் தடவியது காலுறை என்பதுபோல முடியும் வாக்கியங்களை இடையிடையே காட்டினர். அந்தப் பொருந்தாச் சொல் தோன்றி ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் நான்கு பங்கு நேரத்தில் மூளையின் மின்னலை தனிப்பட்டதொரு சரிவைக் காட்டியது. நூல் வல்லார் வாதத்தால் நிறுவிய ஒன்று கருவியின் கோட்டிலும் பதிந்தது. இதனால் நாம் அறிவது என்ன? மனம் வாக்கியம் முடியும்வரை கைகட்டிக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் வரும்போதே முன்னதனோடு பொருத்திப் பார்க்கின்றது. அடுத்து வரத்தக்கது இன்னது என்றும் எதிர்நோக்குகின்றது.

தமிழில் இதனை ஒவ்வொருவரும் தாமே சோதித்துப் பார்க்கலாம். 'அம்மா குழந்தையை எழுப்பிய பூனையை விரட்டினாள்' என்னும் வாக்கியத்தை மெதுவாகச் சொல்லுங்கள். 'அம்மா குழந்தையை எழுப்பி' என்னுமளவில் குழந்தையை எழுப்பியவள் தாயே என்று மனம் முடிவு கட்டிவிடும். 'எழுப்பிய பூனையை' என்றதும் அம்முடிவு கலைகின்றது. எழுப்பியது பூனை, தாய் விரட்டினவள் என்று மனம் மீண்டும் கட்டுகின்றது. வினைச்சொல்லை இறுதியிலே வைக்கும் நம் மொழியில் இத்தகைய கலைத்துக் கட்டல் நாள்தோறும் நடக்கின்றது, நாம் உணர்வதில்லை. இளம் மாணவர் நீண்ட வாக்கியத்திலே வழிதவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். ஒவ்வொரு சொல்லையும் அறிந்திருந்தும் வாக்கியம் விளங்கவில்லை என்று மாணவன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. எழுப்பியது யார், விரட்டியது யார் என்று வினவிப் பிரித்துக் காட்டினால் அவனுக்கு வழி புலப்படும்.

இரண்டு மொழி அறிந்தவரின் மனம் எவ்வாறு இயங்குகின்றது? கடைவீதியில் நம்மிற் பலர் ஒரு மூச்சிலே தமிழும் அடுத்த மூச்சிலே சிங்களமும் பேசுகின்றோம். ஒன்றைப் பேசும்போது மற்றது உறங்குவதாக எண்ணுகிறோம். 1999இல் மைக்கேல் ஸ்பைவி, வியோரிகா மரியன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் கண்ணசைவை ஆராய்ந்தனர். ரஷ்ய மொழியிலே 'மார்க்கா' என்பது தபால் முத்திரை. அதை எடுக்குமாறு ரஷ்ய மொழியிற் கூறியபோது, அவர்களுடைய கண்கள் பக்கத்திலிருந்த 'மார்க்கர்' பேனையையும் நாடின. அப்பேனைக்கு அப்பெயர் ஆங்கிலத்திலேதான் உண்டு. இரு மொழியும் ஒருங்கே விழித்திருக்கின்றன என்பது தெளிவாயிற்று. ஆகவே இருமொழிப் பிள்ளை சிறிது தயங்கிப் பேசினாலும், ஒன்றிலே மற்றொன்றைக் கலந்தாலும் அதனைக் குறையென்று கொள்ள வேண்டா. இரு விளக்கும் எரிகின்ற வீட்டிலே நிழல்களும் இரண்டாக விழும்.

பொருள் உணர்தலும் பேசுதலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். 1861இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் போல் புரோக்கா ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் வாயிலிருந்து 'டான்' என்னும் ஒலியே பெரும்பாலும் வந்தது. ஆயினும் பிறர் சொல்வதில் மிகுதியும் அவருக்கு விளங்கியது. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வேணிக்கே, சரளமாகப் பேசியும் பிறர் பேச்சை உணர மாட்டாதவர்களைப் பற்றி எழுதினார். மூளையில் வெவ்வேறிடங்கள் பழுதுற்றமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது அவர்கள் கண்டது. இக்கால ஆராய்ச்சி, மூளையின் பல பகுதிகள் கூடியே மொழியை இயக்குகின்றன என்று அதனை விரித்துள்ளது. பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியவர் வீட்டில் இருந்தால், 'இனி அவருக்கு என்ன தெரியப்போகின்றது' என்று அவர் முன்னிலையிலேயே பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். சொல்ல முடியாதவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

இவ்வளவும் அறிந்த பின் நாம் செய்யத்தக்கது யாது?

குழந்தை மொழியைக் கற்கும் முறையைப் பிரபாகரர் முதலிய மீமாஞ்சை ஆசிரியர்கள் அழகாக எடுத்துரைத்தனர். முதியவர் ஒருவர் பசுவைக் கொண்டுவருமாறு சொல்கிறார், மற்றவர் கொண்டுவருகிறார். பின்னர் பசுவைக் கட்டுமாறு சொல்கிறார், அவர் கட்டுகிறார். அருகிலிருந்து இதையெல்லாம் பார்க்கும் குழந்தை, மாறாத சொல்லையும் மாறிய சொல்லையும், மாறாத பொருளையும் மாறிய செயலையும் ஒப்பிட்டு, எது எதைக் குறிக்கின்றது என்று தெளிகின்றது. சொல்லும் மனிதரும் செய்யும் மனிதரும் கண்முன்னே இருத்தல் வேண்டும் என்பது இதன் உட்கிடை. 2003இல் பற்றீசியா கூல் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை கதை படித்து விளையாட்டுக் காட்டினர். மற்றொரு பிரிவினருக்கு அதே ஆட்களையே தொலைக்காட்சித் திரையிற் காட்டினர். நேரிற் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றன. திரையிற் கண்டவை கற்கவில்லை.

மலைநாட்டில் இதன் முக்கியம் பெரிது. தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போகின்றாள். குழந்தை பிள்ளைக் காம்பராவிலே இருக்கின்றது. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பால் கொடுத்தார்களா, துணி மாற்றினார்களா என்று கேட்கும் நாம், குழந்தையோடு பேசினார்களா என்று கேட்பதில்லை. செவி பண்படும் மாதங்கள் பலவற்றை அக்குழந்தை அங்கே கழிக்கின்றது. குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் அதன் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசும் ஆயா, தம்மை அறியாமலே ஓர் ஆசிரியராகின்றார். மாலையில் அப்பாயியோ அம்மாயியோ சொல்லும் கதையும் பாடும் தாலாட்டும் அதே பணியைச் செய்கின்றன. அழும் பிள்ளைக்குச் செல்பேசியைக் கொடுத்து அமர்த்திவிட்டால் அழுகை நிற்கும், மொழி வளராது. அழைத்தும் திரும்பாத, ஓசைக்கு விழிக்காத குழந்தையைக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். செவி மூடியிருந்தால் அந்த மாதங்கள் வீணே கழியும்.

பாடசாலையில் சிங்களமோ ஆங்கிலமோ பயிலும் பிள்ளை ஓர் ஒலியைப் பிறழக் கூறினால் வகுப்பே நகைப்பது நல்லதன்று. அப்பிள்ளைக்கு அந்த ஒலி இன்னும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லுமாறு பிரம்பெடுத்தாலும் வாய் சொல்லாது. இரு ஒலிகளையும் மாற்றி மாற்றிப் பலமுறை கேட்பித்து, இது மரமா மஞ்சளா என்று விளையாட்டாக வினவினால் செவி சிறிது சிறிதாகத் திறக்கும். அதன் பின் நாவும் பின்தொடரும்.

இறுதியாக ஒன்று. சிங்களத்திலே 'ஹரி' என்பதும் தமிழிலே 'சரி' என்பதும் பொருளால் ஒன்று. ஒலியாலும் உறவு போலத் தோன்றுவன. மருந்துச் சாலையிலும் அலுவலகத்திலும் நம் மக்கள் சொல்லியது விளங்காமலே 'ஹரி, ஹரி' என்று தலையசைத்துவிட்டு வருவதுண்டு. மறுமுறை கேட்டால் ஏளனம் செய்வார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். கேட்ட இரண்டு சொல்லைக் கொண்டு மற்றதை மனமே நிரப்பிவிட்டது மறுபுறம். காலையில் விழுங்க வேண்டிய மருந்து இரவில் விழுங்கப்படுவதும், வெறுந் தாளிலே கையொப்பம் இடப்படுவதும் இதனால் நேர்கின்றன. தலையசைப்பு விளக்கத்துக்கு அடையாளமன்று. சொல்பவர், 'விளங்கிற்றா?' என்று கேட்பதிலும், 'நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்' என்று அன்பாகக் கேட்பது மேல். கேட்பவரும், 'ஐயா, நான் விளங்கிக்கொண்டது இது, சரிதானா?' என்று கூசாமல் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். நம் பிள்ளைகள் வைத்தியசாலைக்குத் தாயோடு துணை போகும்போது செய்யத்தக்க பேருதவி இதுவே: அம்மா தலையசைத்ததும் எழுந்துவிடாமல், 'அம்மா, அவர் என்ன சொன்னார், சொல்லுங்கள் பார்ப்போம்' என்று அங்கேயே கேட்டுவிடுவது.